நாலு செகண்டில் பழைய பிளான்

ராஜாங்கத்தின் செல்போன் அலறியது.

எடுத்தார். கேட்டார். போனை விட அதிகமாக அலறினார்.

“டேய் சுபுஹான்... என்னைக் கொன்னுட்டியேடா!”

கள்ளக்குறிச்சியில் கட்டட பிளான் போடும் ஆபீஸ். ராஜாங்கம் இன்ஜினீயர், முதலாளி. சுபுஹான் அங்கே சாஃப்ட்வேர் பார்ப்பவன். கொலை செய்யும் அளவுக்குச் சம்பளம் வாங்காதவன்.

“இன்னா சார் ஆச்சு?”

“வெள்ளிமலை ஹாஸ்டல் பிளானை போன வாரமே மாத்திட்டேன். சைட்ல இன்னும் பழசுதான் காட்டுதாம்!”

சுபுஹானுக்குக் காரணம் புரிந்துவிட்டது.

பிளான் திறக்க நாற்பது நிமிடம் சுற்றிய சாஃப்ட்வேர் அது. அவன்தான் அதில் கேச் வைத்தான். ஒரு தடவை திறந்த பிளானைச் சைட் லேப்டாப்பே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை நாலே செகண்ட்! மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும்...

பழசைத் திறக்கும்!

“பதினோரு மணிக்கு தூணுக்கு கான்க்ரீட்! பழைய பிளான்ல கட்டுனா இடிஞ்சி வுழும்டா!”

அறுபது பிள்ளைகள் தூங்கப் போகும் ஹாஸ்டல்!

மணி பத்தரை.

சைட் இன்ஜினீயர் சந்தியாவுக்குப் போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே... பதினேழு முறையும்!

ஜீப்காரர் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டான்.

“மலை ஏற ரெண்டு மணி நேரம் ஆவும் தம்பி. ஜீப்புக்கு இன்னா றெக்கையா இருக்குது?”

பதினொன்று... பன்னிரண்டு... கடிக்க நகம் மிச்சமில்லை.

ஒரு மணிக்குப் போன்! சந்தியா!

“சிக்னலுக்கு பாறை மேல ஏறி நின்னுக்கினு கீறேன். இன்னாடா இத்தினி மிஸ்டு கால்? கான்க்ரீட் முடிஞ்சிச்சு.”

“அக்கா... அது பழைய பிளான்க்கா! எல்லாம் என்னோட கேச் பண்ண வேல...” அழுதேவிட்டான்.

“அழுவாத. பழசுல இருவது எம்எம் கம்பி. புதுசுல இன்னா?”

அப்போதுதான் திரையில் புதிய பிளானைத் திறந்து பார்த்தான்.

பன்னிரண்டு!

“கம்மி பண்ணிகீறாருக்கா!”

“அதான பாத்தேன்! புதுசுல கட்டியிருந்தாத்தான்டா இடிஞ்சி வுழுந்திருக்கும். காலைல ஒரு லாரிக்காரன் வந்து, மிச்சக் கம்பிய சார் ஏத்தியாரச் சொன்னாருன்னான். மிச்சம் ஏதுடான்னு பிளானக் காட்டி தொரத்திட்டேன், கீழ எறங்கி சாருக்கு போன் போட்ருப்பான். நீ புதுச பிரின்ட் எடுத்து வெய்யி. நான் போலீசோட வரேன்.”

சுபுஹான் மெல்லத் திரும்பினான்.

ராஜாங்கத்தின் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி... அந்த லேப்டாப்புல இருக்கற பழச அழிச்சிர்றா!”

“இங்கேர்ந்து முடியாது சார், சிக்னல் இல்ல... பொன்னுரங்கம் ஜீப்பைச் சொல்லட்டுங்களா? ரெண்டே மணி நேரம்தான்!”