வெளிச்சம் பிடிப்பவள்

சேர்மன் புதிதாக வாங்கியிருந்த அந்தப் பழைய பங்களாவுக்குப் போட்டோக்காரர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. ஓடு சரிந்த வீடு. வாசலுக்கு எதிரே கரும்பச்சையாய் ஒரு குளம். அழுகிய இலைகளின் வாடை. தன் சுயசரிதையின் (எழுதியது வேறொருவர்) அட்டைப்படத்துக்காக சேர்மன் மூன்று கோட்டுகளோடு காத்திருந்தார்.

“மூஞ்சியில தொலைநோக்கு தெரியணும்,” என்றார்.

‘எவ்வளவு தூரத்துக்கு சார்?’ என்று வாய்வரை வந்ததைப் போட்டோக்காரர் விழுங்கிக்கொண்டார். அப்படிக் கேட்பதற்கென்றே ஒருத்தி இருந்தாள். மழைக்காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு விளக்குப் பிடித்தது மனைவிதான். ஃபிளாஷையும் வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைக் குடையையும் நீளக் கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு நிற்பாள். எதிரில் நிற்பது எவ்வளவு பெரிய மனிதரானாலும் ஒரே பாட்டுதான்: “தாடையை இறக்குங்க சார், மூக்குக்குள்ள வெளிச்சம் போகுது.”

ஊரையே படம் பிடித்தவர் அவளை மட்டும் பிடிக்கவில்லை.

“ஃபிளாஷ் அடிச்சா நான் கண்ணை மூடிடுவேன். நான் அங்க வந்து நின்னா விளக்கை எங்கப்பாவா வந்து புடிப்பாரு?” என்பாள். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். கடைசியில் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார். வந்தது யாரோ ஒருத்தி. அதை மாட்ட மனம் வராமல் அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

இப்போது அவளுக்குப் பதில் ஒரு ஸ்டாண்டு. குளக்கரையில் அதை நிறுத்தி, காலில் மண்மூட்டை வைத்தார். ஃபிளாஷ் கொசுபோல ‘ஙீ’ என்று முனகி, மின்சாரம் நிரம்பியதும் ‘பீப்’ என்றது. முதல் படத்திலேயே சேர்மன் கண்ணை மூடிவிட்டார்.

“பரவால்ல, இன்னொண்ணு எடுப்போம்.” கண் மூடுகிற எல்லாருக்கும் போட்டோக்காரர் சொல்வது இதுதான்.

சேர்மன் நெஞ்சை நிமிர்த்தித் தாடையை வானத்துக்கு ஏற்றினார். குடை சற்றுத் தாழ்வாக இருந்தது. கேமராவில் கண்ணை வைத்தபடியே, பழக்கதோஷத்தில் போட்டோக்காரர் முணுமுணுத்தார்.

“கொஞ்சம் ஏத்தும்மா.”

குடை ஏறியது.

காற்றாக இருக்கும். ஆனால் காற்று குடையைச் சாய்க்கும். கேட்ட அளவுக்கு உயர்த்துமா?

சேர்மன் சட்டென்று தாடையை இறக்கினார்.

“என்ன சார், எதுக்கு இறக்கிட்டீங்க?”

“உங்க வீட்டம்மாதானே சொன்னாங்க, மூக்குக்குள்ள வெளிச்சம் போகுதுன்னு? வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்யா.”

போட்டோக்காரர் திரும்பினார். குடைக்குப் பின்னால் குளம் மட்டுமே இருந்தது.

அடுத்த படத்தை எடுத்து, திரையில் சேர்மனின் கருவிழியைப் பெரிதாக்கினார். முகத்தை எடுக்கும்போது விளக்கு அங்கேதான் வெள்ளைப் பொட்டாக விழும். விழுந்திருந்தது.

பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிழல்.

ஒரு கை மேலே. கை கடுத்தால் இடுப்பில் முட்டுக்கொடுத்து நிற்பாளே, அதே சாய்வு.

“சார், கண்ணை மட்டும் கிட்டத்துல எடுக்கறேன்.”

“கண்ணா? அடடே, தொலைநோக்கு!” சேர்மனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

நெருங்கினார். இன்னும் நெருங்கினார். எவ்வளவு நெருங்கினாலும் வெறும் கறுப்பு உருவம்தான். வெளிச்சம் முழுக்க சேர்மன் மேல். அதைப் பிடித்திருப்பவள் இருட்டில்.

“ஒரே ஒரு தடவை,” என்றார் போட்டோக்காரர். “விளக்கை உன் பக்கம் திருப்பு.”

தவளைகள்கூட நிறுத்திக்கொண்டன.

கிறீச்.

ஸ்டாண்டின் திருகு தானாகத் தளர்ந்தது. குடை மெல்லச் சுழன்று சேர்மனுக்கு முதுகு காட்டியது.

“யோவ், நான் இந்தப் பக்கம் இருக்கேன்!”

போட்டோக்காரர் பொத்தானை அழுத்தினார். குளத்தின் மேல், யாருமற்ற இடத்தில், வெளிச்சம் வெடித்தது. மறுகணம், பிடித்திருந்த கை விட்டதுபோல ஸ்டாண்டு சாய்ந்து, குடையோடு தண்ணீரில் விழுந்தது.

திரையில் சேர்மனின் கருவிழி. அதற்குள், அரிசிமணி அளவில், பளிச்சென்று ஒரு முகம். மூக்கோரத்து மச்சம். வெட்கத்தில் மடித்துக் கடித்த உதடு.

அவள்தான்.

கண்களை மட்டும் இறுக மூடியிருந்தாள்.

“தொலைநோக்கு வந்திருக்கா?”

“வந்திருக்கு சார்,” என்றார் போட்டோக்காரர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

குளத்திலிருந்து எடுத்த ஃபிளாஷின் விளக்கு நொறுங்கியிருந்தது. பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட ஃபிளாஷைப் பையில் திணித்துக் காரின் பின்சீட்டில் வைத்தார். காரைக் கிளப்பத் தோன்றவில்லை. கேமராத் திரையில் அந்த மூடிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவால்லடி,” என்றார். “இன்னொண்ணு எடுப்போம்.”

பின்சீட்டில், பைக்குள்ளிருந்து மெல்ல எழுந்தது.

ஙீ...

பீப்.