பால் தடவிய இசைத்தட்டு

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

இராயப்பன் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். மூச்சை இழுத்தது ஏஞ்சலின் அல்ல. அவருடைய மனைவி தலையணையில் சாய்ந்து, வாய் ஒரு பக்கம் கோணியபடி, எப்போதும்போல மூக்கால் சன்னமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வெளியே தெஹியோவிட்ட மலைகளின் மேல் பிற்பகல் மழை இறங்கிக்கொண்டிருந்தது, தகரக்கூரை இரைந்தது, ரப்பர் ஸ்டோரின் அசிட் வாடையும் புகை வாடையும் கலந்து ஜன்னல் வழியாக வந்தன. அதெல்லாம் வழக்கமானதுதான். கிராமபோன் குழாயிலிருந்து வந்த அந்த மூச்சு மட்டும் வழக்கமானதல்ல. பதினொரு வருடமாகக் கேட்ட தட்டு அது. எங்கே கீறல் விழும், எங்கே பிடில் ஏறும், எங்கே அந்த வெள்ளைக்காரி குரலைத் தூக்கி உச்சியில் நிறுத்துவாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த மூச்சு அதில் இருந்ததே கிடையாது.

அழுக்குக்குள் மறைந்திருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு குரல் வந்தது. முன்பெல்லாம் அது மலைக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பாடுவதுபோலக் கேட்கும். இன்றைக்கு அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்று பாடுவதுபோல இருந்தது. கட்டிலில் ஏஞ்சலினின் கீழுதடு அசைந்தது.

அதைப் பார்த்த பிறகு மூச்சைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

தோட்டத்தைவிட்டுப் போன ஒரு பெரியதுரை, பங்களாவைக் காலி செய்யும்போது ஸ்டோரில் பாலை ஷீட்டாக்கும் ரப்பர் மேக்கரான இராயப்பனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்தக் கிராமபோன். கூடவே ஒரேயொரு தட்டு. என்ன பாஷை என்றுகூட இருவருக்கும் தெரியாது. ஆனாலும் நாலு மணிக்கு ஸ்டோரிலிருந்து வந்து கைகால் கழுவியதும், தேத்தண்ணியோடு இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். ஏஞ்சலின் மாதா கோயில் கொயரில் பாடியவள். "பாருங்க, இந்த எடத்துல அவ மூச்சே எடுக்க மாட்டா. நாங்களா இருந்தா மயங்கி விழுந்திருப்போம்" என்பாள். சொல்லிவிட்டுத் தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அந்த உச்சி இறங்கியதும் இருவரும் ஒன்றாக மூச்சு விட்டுச் சிரிப்பார்கள். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அந்த நாலு நிமிடம்தான் திருவிழா.

தொண்ணூற்று நாலாம் வருடம் தவக்காலத்தில் ஏஞ்சலின் கிணற்றடியில் விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. "குரல் எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் அடைபட்டுக் கிடக்கிறது, வெளியே வர வழி தெரியவில்லை" என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். பழகிய சத்தம் ஏதாவது கேட்க வைக்கச் சொன்னார். இடது கை மட்டும் மிச்சமிருந்தது. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினால் ஆமாம், இரண்டு தடவை அழுத்தினால் வேண்டாம். எட்டு மாதமாக அவர்களுடைய பேச்சு அவ்வளவுதான்.

அவருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அவள் நடக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். இருபத்தாறு வருடம் குசினியிலிருந்து கூப்பிட்டாளே, கடைசி எழுத்தைச் சற்று மேலே தூக்கி, "என்னங்க" என்று, அதை இன்னொரு தடவை கேட்டால் போதும். அதற்காக எதையும் செய்வார்.

தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. இந்த மழைநாட்டில் செருப்பிலேயே காளான் முளைக்கும், தட்டு எந்த மூலைக்கு? துணியால் துடைத்தும் போகவில்லை. அப்போதுதான் ரப்பர் பால் நினைவுக்கு வந்தது. பால் வெட்டுகிறவர்களின் கைகளில் அது காய்ந்துவிட்டால், உரிக்கும்போது அழுக்கு, மயிர், எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வரும். அசிட் சேர்க்காத காலைப் பாலை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, கோழி இறகால் தட்டின் மேல் மெல்லத் தடவிக் காயவிட்டார். மறுநாள் ஓரத்தைக் கிள்ளி இழுத்ததும் ஒரே வட்டமாக வந்தது. தட்டின் கோடுகளெல்லாம் அதில் அச்சாக இருந்தன. ரப்பர் மேக்கருக்கு ஒட்டுப்பாலில், காய்ந்து உரிந்த மிச்சத்தில், ஒரு நூல்கூட எறிய மனசு வராது. ஸ்டோருக்குக் கொண்டுபோய், புகைக்கூடத்தில் ஷீட்டுகள் தொங்கும் கடைசிக் கம்பில் அதையும் தொங்கவிட்டார்.

மூச்சுக் கேட்டது அன்று பிற்பகல்தான்.

மறுநாள் காலையில், புகைக்கூடத்துக்கு விறகு போடும் இருளாயி தராசடியில் வந்து நின்றாள்.

"ஐயா, உள்ளுக்க என்னமோ மொளகா வறுக்கிற மாதிரி ஒரே சத்தம்ங்க. நேத்து அந்தில இருந்து."

"பச்ச வெறகப் போட்டா வெடிக்காம என்ன செய்யும்?"

"வெறகு கீழ இருக்குங்கய்யா. இது மேல இருந்து கேக்குது."

அவர் போய்ப் பார்த்தார். இருட்டு, வெப்பம், கண்ணைக் கரிக்கும் புகை, வரிசை வரிசையாகத் தொங்கும் பழுப்பு ஷீட்டுகள். கடைசிக் கம்புப் பக்கம் சன்னமாகப் பொரிந்துகொண்டிருந்தது. பதினொரு வருடம் அந்தப் பாட்டுக்குக் கீழே பொரிந்துகொண்டிருந்த அதே இரைச்சல். தட்டில் இப்போது இல்லாத இரைச்சல்.

வெறகுதான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் ஏஞ்சலின் அவருக்காகக் காத்திருந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் கண்ணில் ஒரு காத்திருப்பு! பாட்டு முடிந்ததும் "இன்னும் கிட்ட கேட்டா நல்லா இருக்குமா?" என்று கேட்டார். மணிக்கட்டில் ஒரு தடவை அழுத்தம். அன்றைக்கே இன்னொரு பூச்சு பால் தடவினார்.

இரண்டாவது உரிப்புக்குப் பிறகு பிடில்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்ணின் குரல் மட்டும் துணையில்லாமல், துணியில்லாமல் நிற்பதுபோல அறைக்குள் நின்றது. பாட்டு வரிகளுக்கு நடுவே, பிடில் வாசித்த இடங்களிலெல்லாம், அவள் சும்மா நின்று மூச்சு விடுவது கேட்டது. யாரோ வந்து தன்னைக் கூட்டிப்போவார்கள் என்று காத்திருப்பவளைப்போல. இராயப்பன் எழுந்து போனார். நிறுத்தக் கையை நீட்டினார்.

"ங்..."

கட்டிலிலிருந்து வந்தது. ஏஞ்சலினின் தொண்டையிலிருந்து. முழுகிக்கிடந்த வாளி கிணற்றுச் சுவரில் முட்டுவதுபோல ஒரு சத்தம்.

அவர் தரையில் மண்டியிட்டு அவள் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். "சொல்லு புள்ள. என்னங்கன்னு சொல்லு. ஒரே ஒரு தரம்." அவள் முகமெல்லாம் வியர்க்க முயன்றாள். வரவில்லை. இன்னும் ஒரே ஒரு படலம் உரிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த நாள் இருளாயி விறகுக் கட்டைப் புகைக்கூடத்து வாசலிலேயே போட்டுவிட்டாள்.

"நான் உள்ள போமாட்டேன்ங்க. பிடில் வாசிக்கிறாங்க."

"ஒனக்கு என்ன பைத்தியமா?"

"நீங்களே போய்க் கேளுங்கய்யா. ஆளு இல்ல. வாசிக்கிறாங்க."

அவர் போய்க் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நிறுத்த வேண்டியிருக்கும். உரித்த இரண்டாவது வட்டத்தை அவரே முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். எது எங்கே போயிற்று என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி இன்னொரு கிண்ணம் பால் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்றாவது வட்டம் சுலபமாக வந்தது. அதைக் கம்பில் மாட்டிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு, எதையும் கேட்காமல் ஓடிவந்துவிட்டார்.

நாலு மணிக்குத் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார். ஊசி வழுக்கிக்கொண்டு நடுவுக்குப் போனது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கோடுகள் இல்லை. ஒரு கோடுகூட இல்லை. கண்ணாடிபோல வழுவழுவென்று இருந்த கறுப்பில் அவருடைய முகம் தெரிந்தது.

ஏஞ்சலின் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண்ணோரம் நீர் வழிந்தது. உதடு அசையவில்லை. முன்பு வந்த அந்த ஒற்றைச் சத்தமும் வரவில்லை. "ஏதாவது சொல்லு" என்று அவர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு தான் செய்ததற்கு வெட்கப்பட்டார். பிறகு மழையில் இறங்கி ஸ்டோருக்கு ஓடினார்.

புகைக்கூடத்துக் கதவு திறந்து கிடந்தது. இருளாயி லயத்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். உள்ளே, கடைசிக் கம்பில், மூன்று வட்டங்களும் பக்கம் பக்கமாகத் தொங்கின. முதலாவது பொரிந்தது. இரண்டாவது பிடில் வாசித்தது. மூன்றாவது, புகை பட்டு மெல்ல உப்பி, அடங்கி, உப்பி, பாடிக்கொண்டிருந்தது. முழுப் பாட்டு. ஊசி இல்லை. சாவி கொடுக்கவில்லை. நாலு நிமிடத்தில் முடியவும் இல்லை. உச்சியில் போய் நின்ற குரல் இறங்காமல் அங்கேயே நின்றது. இத்தனை வருடத்தில் அவர் கேட்டதிலெல்லாம் அழகானது அதுதான்.

பயந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவர் ரப்பர் மேக்கர். உள்ளே ஒட்டிக்கிடப்பதைப் பால் வெளியே கொண்டுவந்துவிட்டது என்று மட்டும்தான் அவருக்குத் தோன்றியது. டாக்டர் சொன்னது காதில் கேட்டது. குரல் எங்கேயும் போகவில்லை. உள்ளேதான் அடைபட்டுக் கிடக்கிறது.

கிண்ணம் நிறையப் பாலை மொண்டுகொண்டார்.

வீட்டில் கரிச்சட்டியை மூட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். மழை சற்று ஓய்ந்திருந்தது. ஓய்ந்த இடைவெளியில், ஸ்டோர் பக்கமிருந்து அந்த உச்சிக் குரல் இன்னும் கேட்டது.

"ஏஞ்சலின், நான் ஒன்னு செய்யப்போறேன். வலிக்காது. சின்னதுல நீ பால் வெட்டப் போனப்போ கையில காஞ்சத உரிச்சு வெளயாடுவேன்னு சொல்லுவியே, அது மாதிரிதான். ஒங் கொரல் வந்திரும். செய்யட்டுமா?"

அவளுடைய இடது கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

ஒரு தடவை அழுத்தியது.

அவர் இறகைப் பாலில் தோய்த்துத் தொண்டையில் வைத்தார். அப்போது கை மறுபடி அழுத்தியது. இரண்டாவது தடவை.

நடுக்கம். நோயாளியின் கை நடுங்கத்தானே செய்யும்.

தடவினார். தொண்டை, தாடை, கன்னம், கடைசியாக உதடு. மூக்கை விட்டுவிட்டார். வெள்ளைப் பால் மெல்ல மெல்லக் கண்ணாடி நிறமானது. பேப்பரால் விசிறினார். பால் உறையாமலிருக்கக் கலந்திருந்த அமோனியா வாடையில் அவருக்கே கண் எரிந்தது. அவள் கண்ணை மூடவே இல்லை. அவரையே பார்த்தாள். அவர் விசிறியைப் பார்த்தார். கரியைப் பார்த்தார். சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தார்.

காய்ந்தது.

காதோரம் நகத்தால் கிள்ளினார். இழுத்தார்.

வந்தது. தட்டிலிருந்து வந்ததைவிடச் சுலபமாக. கன்னம். தாடை. உதடு. தொண்டை.

மெல்லிய மஞ்சள் தோல் அவர் கையில் தொங்கியது. அதில் அவள் வாய் அச்சாக விழுந்திருந்தது. கோணல் இல்லாத வாய்.

திறந்தது.

"என்னங்க."

கடைசி எழுத்தைச் சற்று மேலே தூக்கி. குசினியிலிருந்து கூப்பிடுவதுபோல. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கேட்டியா புள்ள? கேட்டியா?" என்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ரத்தம் இல்லை. காயம் இல்லை. மூன்றாவது தடவை உரித்த தட்டைப்போல வழுவழுவென்று, ஒரு கோடுகூட இல்லாமல், தாடைவரை ஒரே தோல். அதற்கு மேலே இரண்டு கண்கள் விரியத் திறந்து அவரைப் பார்த்தன.

"என்னங்க" என்றது அவர் கையிலிருந்தது, பாசமாக. "என்னங்க. என்னங்க."

அவளுடைய இடது கை அவர் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. அழுத்தியது. இரண்டு தடவை. நிறுத்தி, இரண்டு தடவை. நிறுத்தி, இரண்டு தடவை.