ஜோடி வந்தாச்சா

ஒரகடம் போகிற சாலையில் இசக்கிசெல்விக்குக் காது அடைத்தது.

எச்சிலை விழுங்கினாள். காது திறந்து பஸ்ஸின் இரைச்சல் உள்ளே வந்தது. கொஞ்ச தூரத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது. மலை ஏறும்போது அப்படி ஆகும். இறங்கும்போதும் ஆகும். இங்கே நிலம் தட்டை. வயலாக இருந்தபோதே தட்டை. கம்பெனிகளுக்காக மண் கொட்டிச் சமப்படுத்திய பிறகு இன்னும் தட்டை.

விடியவில்லை. மார்கழிப் பனி ஏரிப் பக்கமிருந்து எழுந்து, கம்பெனிச் சுவர்களை மூடி, சாலையோரம் வரிசையாக நிறுத்தியிருந்த கன்டெய்னர் லாரிகளை மூடி, பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் பால்போல ஒட்டியிருந்தது. அதற்குள் எங்கோ ஒரு டீக்கடையின் குழல்விளக்கு மங்கலாக வந்து, நின்று, பின்னால் போனது. பஸ்ஸில் முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் தூங்கினார்கள். ஈரத் தலைமுடியின் வாசனையும் தேங்காயெண்ணெய் வாசனையும் யாரோ மடியில் வைத்திருந்த எலுமிச்சை சாதத்தின் வாசனையும் கலந்து சூடாக இருந்தது.

அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஆயுத பூஜைக்குப் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை. நிற்க நேர்ந்தாலும் நின்றுகொண்டு வந்தார்கள்.

"இன்னா பனி பா. ரோடே தெர்ல," என்றார் டிரைவர் கோபு.

"மெதுவாவே போ. லேட்டானா லைன்ல நான் சொல்லிக்கிறேன்," என்றாள் கலைமதி. மண்ணூர்க்காரி. லைன் லீடர். பஸ்ஸுக்கும் அவள்தான் பொறுப்பு.

இசக்கிசெல்வி போனை எடுத்துப் பார்த்தாள். இரவு வந்த அழைப்பு அதில் இருந்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்து வந்த முப்பிடாதியின் அம்மா பாப்பம்மாள். கடையநல்லூரில் பஸ் ஏறிய பிறகு கூப்பிட்டிருந்தாள்.

"செல்வி, காலையில வந்திருவேன் தாயி. அவ பெட்டிய எடுத்துக்கிடணும்."

"நான் முதல் ஷிப்டு சித்தி. சாயங்காலம் வந்திருவேன்."

"இருக்கேன். ஒன்னப் பாக்காமப் போவ மாட்டேன். ஊர்ல என்னலாமோ பேசுதாவ. மலையில எவனோ காத்துக்கிட்டு நின்னாம்னு பேசுதாவ." குரலைத் தாழ்த்தினாள். "அவ பஸ்ல ஏறுனத நீ பாத்ததான?"

"பாத்தேன் சித்தி."

"நேர்ல வந்து ஒன் மூஞ்சியப் பாத்து ஒருக்க கேட்டுக்கிடுதேன். ஒரு சமாதானத்துக்கு."

விடிந்ததும் பாப்பம்மாள் ஹாஸ்டலுக்கு வந்துவிடுவாள். இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து மகளின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருப்பாள்.

பார்க்கவில்லை சித்தி என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள் இசக்கிசெல்வி. நான் பார்க்கவில்லை. சொல்ல முடிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது. அதை வாய்க்குள்கூடச் சொல்ல முடியவில்லை.

பஸ் வலப்பக்கம் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் சாய்ந்தன. அவள் தோள் ஜன்னலில் அழுந்தியது. பிறகு இடப்பக்கம். இந்தச் சாலையில் இவ்வளவு பெரிய வளைவு கிடையாது.

*

ஆயுத பூஜை விடுமுறையில் ஏலகிரிக்குக் கம்பெனி செலவில் கூட்டிப்போனார்கள். படகு, பூங்கா, பிரியாணி. சாயங்காலம் தைல மரங்களுக்கு நடுவே இறங்கும்போது மழை தூறியது. முன்னால் பாட்டுப் போட்டு ஆடினார்கள். பின்னால், கடைசிக்கு முந்தைய இருக்கையில், இசக்கிசெல்வியும் முப்பிடாதியும் நாவல் படித்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய மாத நாவல். ஒரே புத்தகத்தை இருவரும் ஒரே நேரத்தில் படிக்க ஹாஸ்டலில் ஒரு வழி வைத்திருந்தார்கள். வேகமாகப் படிக்கிறவள் படித்த தாளைக் கிழித்துக் கிழித்துப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுப்பாள். இசக்கிசெல்வி வேகம். முப்பிடாதி உதடசைத்துப் படிப்பாள். தாள் முடிந்ததும் இவளுடைய இடது முழங்கையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அடுத்தது.

மலையில் படிக்கவென்றே எழுதியது போன்ற கதை. ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களா. அங்கே கணக்கெழுதப் போகும் ஒரு பெண். பங்களாக்காரன் பேசமாட்டான். தினமும் அவள் மேசையில் ஒரு டாலியாப் பூ இருக்கும். பூவை யார் வைக்கிறார்கள் என்று தெரியாது. அவளுக்கு முன்னால் கணக்கெழுதிய பெண் எங்கே போனாள் என்றும் தெரியாது. கதைக்குள்ளும் மழை, ஜன்னலுக்கு வெளியேயும் மழை. கதைக்குள் ஜீப் வளைவில் திரும்பும்போது பஸ்ஸும் திரும்பியது. போன் வெளிச்சத்தில் எழுத்துகள் ஆடின. இசக்கிசெல்விக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்படி ஒரு சுகத்தை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை. தினமும் எட்டு மணி நேரம் சர்க்யூட் போர்டுகளைப் பார்த்த கண்கள்.

"ஏட்டி, அவன் நல்லவனா, கெட்டவனா?" என்றாள் முப்பிடாதி.

"பேசாமப் படி."

"கெட்டவனா இருந்தாலும் எனக்குப் பிடிச்சிருக்கு." சிரித்தாள். பிறகு வாயைப் பொத்தினாள். "கொமட்டுது."

ஒரு வளைவில் பஸ் நின்றது. குமட்டல்காரிகள் இறங்கினார்கள். முப்பிடாதி படிக்காத தாள்களை மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நான் வாரதுக்குள்ள முடிச்சிராதட்டி."

"ம்."

இவர்கள் பஸ்ஸில் தலை எண்ணும் வழக்கம் இல்லை. ஷிப்டு முடிந்து எல்லோரும் குனிந்து தூங்குவதால் தலை தெரியாது. ஒவ்வொருத்தியும் பக்கத்து இருக்கைக்கு ஜவாப்தாரி. கலைமதி கேட்பாள், வரிசை வரிசையாகப் பதில் வரும். பிறகு பஸ் கிளம்பும்.

"ஜோடி வந்தாச்சா?"

பங்களாக்காரனின் கை அந்தப் பெண்ணின் கழுத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. நெரிக்க வருகிறதா, அணைக்க வருகிறதா. தாளின் கடைசி வரி.

"வந்தாச்சு," என்றாள் இசக்கிசெல்வி. கண்ணை எடுக்கவில்லை. தாளைத் திருப்பினாள்.

டிரைவர் கண்ணாடியைத் துடைக்க இன்னும் கொஞ்சம் நேரம் பஸ் நின்றது. அது அவளுக்குப் பிறகு உதவியது. ஏறினாள், அக்கா. மறுபடி இறங்கினாளோ என்னவோ என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் நம்பினார்கள்.

முப்பிடாதி மலைக்குக் கீழே பிறந்தவள். சாலை சுற்றி இறங்கும், சரிவு நேரே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். மேலே நின்றால் பஸ்ஸின் விளக்கு கீழ் வளைவில் தெரிந்திருக்கும். குறுக்கே இறங்கினால் பிடித்துவிடலாம் என்று தோன்றியிருக்கும். மறுநாள் வெளிச்சம் வந்த பிறகு இரண்டு வளைவுகளுக்கு நடுவே சரிவில் உடலைக் கண்டெடுத்தார்கள். மடியில் தாள்கள் நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தன.

அவ்வளவையும் பாப்பம்மாளிடம் சொல்லிவிடலாம்.

படித்து முடித்த தாளைக் கிழித்துப் பக்கத்தில் நீட்டியதையும், அதை யாரும் வாங்காததையும் எப்படிச் சொல்வது? ஓரக்கண்ணில் காலி இருக்கை தெரிந்தது. முன் இருக்கைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டாள். எழுந்து பார்த்திருக்கலாம். கதையில் சில தாள்களே பாக்கி. எங்கோ மேலே, மழைக்குள், யாரோ செல்வி என்று கூப்பிட்டது போலவும் இருந்தது.

அவள் முடிவைப் படித்தாள்.

*

பஸ் மறுபடி சாய்ந்தது. காது அடைத்துக்கொண்டது. விழுங்கினாள். திறக்கவில்லை.

எலுமிச்சை வாசனை கூடியது. சாதத்தின் வாசனை அல்ல. குமட்டலுக்கு முகர்ந்து பார்க்கும் பழம், நகம் பட்ட தோல். அதன் அடியில் ஈர மண், அழுகிய இலை. தைல மரம். இந்தப் பக்கம் தைல மரம் எங்கே இருக்கிறது?

பக்கத்து இருக்கையின் ரெக்சின் மெல்ல முனகியது. யாராவது உட்கார்ந்தால் அப்படித்தான் முனகும்.

அவள் திரும்பவில்லை. முன் இருக்கையின் கம்பியைப் பார்த்தாள். கம்பியில் ஒரு பாசிமணிக் கயிறு தொங்கியது. யாரோ எப்போதோ கட்டியது. அது முன்பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது. பஸ் சரிவில் இறங்குகிறது.

ஈரம் அவள் தொடைப் பக்கமாக வந்தது. துணியில் ஊறியது. குளிர்ந்தது.

பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவேன், முப்பி. இன்றைக்குச் சாயங்காலம். உன் அம்மாவிடம். நீ யாரையும் பார்க்கப் போகவில்லை என்று சொல்வேன்.

இடது முழங்கையில் ஒரு தட்டு.

இன்னொரு தட்டு.

"அக்கா." முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கலை அக்கா. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

கலைமதி பனியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினாள். "இன்னாடி?"

"வாந்தி வருது."

"மேட்ல ஏறுனாதான்டி வாந்தி வரும். இங்க இன்னா மேடு கீது? ஸ்பீட் பிரேக்கர்தான் கீது." முன்னால் யாரோ தூக்கத்தில் சிரித்தார்கள். "யோவ் கோபு, ஓரங்கட்டு. எறங்கி எட்துட்டு வா. தூரமாப் போகாத. லாரி நிக்கும்."

எழுந்தாள். பக்கத்து இருக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். முழங்கால்கள் எதிலும் இடிக்கவில்லை. அது கால்களை ஒதுக்கி வழி விட்டது போல இருந்தது.

கீழே தார்ச்சாலை. அதன் ஓரம் மண். வல்லம் வடகால் வந்திருக்க வேண்டும். கம்பெனிச் சுவர் எதுவும் தெரியவில்லை. குனிந்தாள். வாயில் வந்தது வெறும் தண்ணீர். எலுமிச்சை கசந்தது. பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது. புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

பஸ்ஸுக்குள் கலைமதியின் குரல்.

"ஜோடி வந்தாச்சா? கண்ணால பாத்து சொல்லுங்கடி."

ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டிருந்தாள். பதில்கள் முன்னாலிருந்து வந்தன. வந்தாச்சு. வந்தாச்சு. வந்தாச்சு.

இசக்கிசெல்வி நிமிர்ந்தாள். "அக்கா, நான் ஏறல."

கடைசிக்கு முந்தைய ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

"வந்தாச்சு."

அவளுடைய சொந்தக் குரல். வேறு எதிலோ மனம் இருக்கும்போது வரும் குரல். கண்ணை எடுக்காமல் சொல்லும்போது வரும் குரல்.

கதவு மூடியது.

"அக்கா!"

பஸ் நகர்ந்தது. பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகள் பனிக்குள் போயின. ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது. நான் ஏறல, அக்கா, நான் ஏறல. பனி அந்தச் சத்தத்தைத் தின்றது. கம்பெனிச் சங்கு இல்லை. லாரி இல்லை. நாய்கூட இல்லை. தைல மர வாசனை மட்டும்.

சாலை நேராகப் போக வேண்டும். சிவப்பு விளக்குகள் திரும்பின. மறைந்தன.

நின்றாள். மூச்சு இரைத்தது. காது இப்போது திறந்தது.

கீழே எஞ்சின் சத்தம்.

கீழே.

தட்டையான நிலத்தில், ஏரியும் வயலும் கம்பெனியுமாக இருந்த நிலத்தில், அவள் காலடிக்கு வெகு கீழே, பனிக்குள் பஸ்ஸின் விளக்குகள் வளைந்து வந்துகொண்டிருந்தன. சாலை சுற்றிக்கொண்டு இறங்கியது. குறுக்கே இறங்கினால் பிடித்துவிடலாம்.

ஒரு காலை எடுத்து வைத்தாள். சரளை நழுவியது. புல் ஈரம்.

பஸ் அவளுக்கு நேர் கீழே வந்தது. உள்ளே இருட்டு. ஒரு ஜன்னலில் மட்டும் போன் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தது. அவளுடைய பின்னல். அவள் தோளில் கிடந்த அதே நீலத் துப்பட்டா.

"செல்வி," என்று கூப்பிட்டாள்.

தலை நிமிரவில்லை. ஒரு தாளைக் கிழித்தது. கண்ணை எடுக்காமல் அதைக் காலி இருக்கைப் பக்கம் நீட்டியது. நீட்டியபடியே வைத்திருந்தது.