மூன்று கூம்புக் குடுவைகள்

காலை 11.10. பரிசோதனைக் கூடத்துப் பின்னறையில் இரும்பு அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த பிளாட்டினக் கிண்ணத்தைக் காணவில்லை. பத்து மணிக்கு மேலாளர் பார்த்தபோது இருந்தது. பதினொன்றுக்கு இல்லை.

சாவி இரண்டே பேரிடம். ஒருவர் கெமிஸ்ட். இன்னொருவர் கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் பெண்மணி. எல்லாருக்கும் 'கண்ணாடி அக்கா'. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். விசாரணை தொடங்கும் முன்பே பழி அவர் தலையில் விழுந்தாயிற்று. பதினெட்டு வருட வேலையும் மானமும் ஒரே காலையில் போய்விடும் போலிருந்தது.

வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"மாடியில தூசி தட்டிட்டு இருந்தேம்மா. யாரும் பாக்கல."

"நீங்க, சார்?"

"இங்கயேதான்," என்றார் கெமிஸ்ட். "மூணு தண்ணி சாம்பிள் டெஸ்ட் பண்ணேன். அக்கா இல்லாததால நானே ஃப்ளாஸ்க்கைக் கழுவி ஸ்டாண்டுல கவுத்தேன். அதோ, அந்த மூணு. பத்தே முக்கால் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் ஒரு குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எதிர்ச் சுவரின் செங்கல் வரிசை அதற்குள் பளிச்சென்று தெரிந்தது.

"ஏன் கூம்பா இருக்கு?"

கெமிஸ்டுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "ஒரு ஜெர்மன்காரர் நூத்தி அறுபது வருஷத்துக்கு முன்னாடி யோசிச்ச வடிவம், மேடம். பக்கம் சரிவா இருக்கறதால சுழட்டினா சிந்தாது. கழுத்து குறுகல், ஆவி லேசுல வெளிய போகாது. இன்னிக்கு வரைக்கும் இதை அடிச்சுக்க ஆளில்ல."

இன்ஸ்பெக்டர் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ ஒரு மனிதர் கழுத்தைக் கொஞ்சம் குறுக்கி, பக்கத்தைக் கொஞ்சம் சரித்திருக்கிறார். உலகமே இன்னும் அதைக் கையில் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருக்கிறது!

"அக்கா, இதைக் கழுவினா காய எவ்வளவு நேரமாகும்?"

அக்கா மூக்கை உறிஞ்சினார். "சாயங்காலம் ஆயிடும்மா. வாய் சின்னது, துணி உள்ள போகாது. உலர்த்துற அடுப்பும் ரிப்பேரு."

இன்ஸ்பெக்டர் மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தார். "மூணுலயும் சொட்டுத் தண்ணி இல்லயே?"

கெமிஸ்டின் முகம் வெளுத்தது.

"நீங்க டெஸ்ட்டே பண்ணல, சார். அந்த நேரம் அலமாரிகிட்ட இருந்தீங்க. ஆவி போகாதுன்னு நீங்களே சொன்னீங்க, அப்புறம் அரை மணியில எப்படிக் காயும்? ஃப்ளாஸ்க்கோட சரித்திரம் பூரா உங்களுக்குத் தெரியுது. ஆனா ஒருநாளும் கழுவினதில்ல. உங்க கைக்கு அது எப்பவும் காஞ்சுதான் வந்திருக்கு."

11.40. கெமிஸ்டின் ஸ்கூட்டர் பெட்டியில் கிண்ணம் கிடைத்தது.

அவரை ஜீப்பில் ஏற்றிய பிறகும் இன்ஸ்பெக்டருக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. குடுவையை ஒரு கையால் பிடித்து மெல்லச் சுழற்றிப் பார்த்தார். கண்ணாடி அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"குடுங்கம்மா இப்படி. கீழ போட்டு உடைச்சுடப் போறீங்க."