எடுக்காமல் விட்ட ஷாட்

மின்விசிறி நின்று வெகுநேரமாகியும் தமிழ்மாறனுக்கு வியர்க்கவில்லை. மேனகாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மூலக்குளத்தில் மத்தியானம் கரண்ட் போனால் சுவரே கொதிக்கும். அவள் புருஷனோ கட்டிலில் மல்லாந்து, கைகளை மார்பில் கோத்து, அந்தப் புழுக்கத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கிடந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒருக்களித்துத்தான் தூங்குவான்.

நேற்று குருசுக்குப்பத்தில் அவனுடைய சாவைப் படம்பிடித்தார்கள். படம் எழுத்தாளர் கோவிந்தராசுவின் வாழ்க்கைக் கதை. ஒரு காலத்தில் அவர் நாவல் இல்லாத வீடு கிடையாதாம். பின்னட்டைப் படத்தில், முன்பல் ஒன்று இல்லாத வெற்றிலை வாயோடு சிரிப்பார். கடைசியில் குடியும் கோர்ட்டும் ஆளைத் தின்று, வாடகை அறையில் தனியாகச் செத்து, நாற்றம் வந்த பிறகே கதவை உடைத்தார்களாம். அதே அறை, அதே கட்டில்தான் வேண்டும் என்று டைரக்டர் அடம்பிடித்தார். கோயில் திருவிழாக்களில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு முதல் கதாநாயக வேஷம். மேனகா தெருவெல்லாம் சொல்லி மாய்ந்துபோனாள்.

பிணமாக நடித்தவன் உடனே எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம்பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவு நடித்தவனோடு ஒட்டிக்கொள்ளும் என்று சினிமாக்காரர்களுக்குப் பயம். எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள். நேற்று வெளிச்சம் போய்விட்டதால் அந்தச் சிரிப்பைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று பேக்கப் சொல்லி, சாமான்களைக் கட்டிவிட்டார்கள்.

வந்ததிலிருந்து அவன் சாப்பிடவில்லை. குடிப்பழக்கமே இல்லாதவன் மேல் மலிவுச் சாராய வாடை. அதற்கு அடியில் ஈரக் காகிதம் மக்கிய வாடை. குளித்தும் போகவில்லை. வெளியே வில்லியனூர் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துப் போய்க்கொண்டிருக்க, அந்த இரைச்சலெல்லாம் வாசலோடு நின்றுவிட்டதுபோல உள்ளே ஒரு மூச்சு மட்டும் கேட்டது. அது அவளுடையது.

இவனை இழந்துவிடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. உதவி இயக்குநர் ராஜவேலுக்கு போன் போட்டு, வாயில் வந்தபடி திட்டினாள். அவனும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம்.

"போன்ல எடுத்தாக்கூடப் போதும் அண்ணி. எழுந்து உக்காந்து சிரிக்கச் சொல்லுங்க. தோஷம் கழிஞ்சிடும்."

கட்டிலருகே மண்டியிட்டாள். இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது. வலது கையில் போனைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். வீடியோ ஓடத் தொடங்கியது.

"ஏங்க. எழுந்து ஒருவாட்டி சிரிச்சிடுங்க. எனக்காவ."

அசைவில்லை.

பிறகு, திரையில், தலை மெல்ல எழுந்தது. தோள். முதுகு. உட்கார்ந்தாயிற்று. மேனகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கும்பிட வேண்டும்போலிருந்தது.

முகம் கேமரா பக்கம் திரும்பியது. சிரித்தது.

வெற்றிலைக் காவி ஏறிய பற்கள். முன்னே ஒன்று இல்லை.

தமிழ்மாறன் வெற்றிலை போடுவதில்லை.

அவள் பிடியிலிருந்த மணிக்கட்டு அசையவே இல்லை. இன்னும் மார்பின் மேல்தான் இருந்தது.

போனைத் தாழ்த்தினாள்.

தமிழ்மாறன் படுத்துக் கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது. விழியின் மேல் ஒரு ஈ நடந்தது. இமை மூடவில்லை.

அவனை ஒட்டி உட்கார்ந்திருந்தவர், சிரிப்பை நிறுத்தாமல், கால்களைத் தரையில் ஊன்றினார்.