புள்ளிக்குப் பின்னால் மூன்று எண்கள்

காலை ஷிப்டின் சங்கு ஊதி அடங்குவதற்குள் ரசாயன ஆலையின் கலன் வெடித்துவிட்டது. கூரைத் தகடு சாலையில் கிடந்தது. ஆபரேட்டர் நீராவி வால்வின் கீழே கிடந்தார். உயிர் போயும் கை மட்டும் சக்கரத்தை விடவில்லை.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது காரணம் தயாராக இருந்தது.

"தூங்கி வழிஞ்சிருக்கான் மேடம். நீராவிய அளவுக்கு மேல தொறந்துட்டான்," என்றார் டிசைன் மேனேஜர்.

"பொய்!" வாசலில் நின்ற ஆபரேட்டரின் மனைவி கத்தினாள். "ரெண்டு பேரு ஆஸ்பத்திரில வெந்து கெடக்காங்க. அவங்க வீட்டு ஆளுங்க என்னையப் பாத்துக் காறித் துப்புறாங்கம்மா. எம் புள்ளைங்க எந்த மொகத்தோட வெளிய போகும்?"

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து, இறந்தவரின் விரல்களை மெல்ல விலக்கி, சக்கரத்தை அசைத்துப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் திரும்பினார்.

"எவ்வளவு சூடு வரைக்கும் போகலாம்?"

"நூத்தித் தொண்ணூறு டிகிரி, கொதிநிலைக்கு ரொம்பக் கீழ. கம்ப்யூட்டர்ல கலன் மாதிரிய ஓட்டிப் பாத்துக் குடுத்த அளவு." மேனேஜர் திரையைத் திருப்பினார். "கலன்ல இருந்தது புது ரசாயனச் சரக்கு மேடம். மென்பொருளோட பட்டியல்ல கெடையாது. நாமளே பேரு வச்சு, எடை, அடர்த்தி, கொதிநிலை எல்லாம் குடுத்துச் சேக்கணும்."

கொதிநிலைக் கட்டத்தில் 236.417 என்றிருந்தது.

"இத யாரு அளந்தது?"

"லேப் அம்மா. கொதிக்க வச்சுப் பாத்துக் குடுத்தாங்க."

பக்கத்து லேபுக்கு மேனேஜரோடு போய்க் கேட்டபோது லேப் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "எடையும் அடர்த்தியும்தாங்க குடுத்தேன். கொதிநிலைக்கு ஒரு வாரம் கேட்டேன். மேனேஜர்தான் வேணாம்னுட்டாரு."

"சாட்சி?"

"எனக்கு யாருங்க இருக்கா?"

கொக்கியில் தொங்கிய தெர்மாமீட்டரை இன்ஸ்பெக்டரம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இரண்டு டிகிரிக்கு ஒரு கோடு.

"சரக்கு மிச்சமிருக்கா? ஒரு துளிய இப்பச் சூடாக்குங்க."

தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் குழாய் சூடேறியது. நூற்றெழுபதில் சரக்கு கறுத்தது, நுரைத்தது. படீரென்று குழாய் உடைந்தது. சரக்கு கொதிக்கவே இல்லை.

"பாத்தீங்களா, அந்தம்மா தப்பா அளந்திருக்கு!" என்றார் மேனேஜர், கேட்பதற்கு முன்பே.

"கம்ப்யூட்டர் முன்னால உக்காருங்க சார். அதே சரக்கப் புதுசா சேருங்க. எடை போடுங்க, அடர்த்தி போடுங்க. கொதிநிலையக் காலியா விடுங்க."

எடையும் அடர்த்தியும் போட்டதும் மேனேஜரின் விரல் நின்றது. இன்ஸ்பெக்டரம்மாவே பொத்தானை அழுத்தினார். காலிக் கட்டம் தானாக நிரம்பியது.

236.417.

"ரெண்டு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட தெர்மாமீட்டர்ல புள்ளிக்குப் பின்னால மூணு எண்ணு எப்படி சார் வரும்? யாரும் அளக்கல. எடையையும் அடர்த்தியையும் வச்சு மென்பொருள் ஊகிச்ச எண்ணு இது. சரக்கு சூட்டுல செதைஞ்சு வெடிக்கும்னு அதுக்குத் தெரியாது. கொதிக்கவே தெரியாத சரக்குக்குக் கொதிநிலை அளந்தாச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஊகத்த நம்பி நூத்தித் தொண்ணூறுக்கு ஏத்தச் சொன்னதும் நீங்கதான்."

"ஒரு வாரம் நின்னா... மேலிடத்துல என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க மேடம்," என்று முனகினார் அவர்.

வெளியே ஆபரேட்டரின் மனைவி எழுந்து நின்றாள். "அளவுக்கு மேல தொறந்தாராம்மா?"

"இல்ல தங்கச்சி. அவங்க சொன்ன அளவே எமன். நீராவி வால்வு இறுக்க மூடியிருந்துச்சு. எல்லாரும் ஓடினப்ப அவரு நின்னு மூடியிருக்காரு."

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இத அந்த ரெண்டு வீட்டு வாசல்லயும் வந்து சொல்லுங்கம்மா. சத்தமா சொல்லணும்."

இன்ஸ்பெக்டரம்மா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நட, போவோம்."