உப்பில்லாத உப்புத் தண்ணீர்

செம்மணல்பட்டி ஊரார் ஒவ்வொரு நாள் காலையிலும் முந்தின நாள் அழுத கண்ணீரைக் குடித்தார்கள். கண்ணீரோடு வியர்வையையும், கண்ணாடிக் கூரையில் படிந்த மூச்சையும், சோறு வடித்த ஆவியையும், சபையில் சொல்லத் தகாத வேறு சிலவற்றையும் சேர்த்தே குடித்தார்கள். வீட்டுச் சுவர்கள் ஓயாமல் ஈரத்தை உறிஞ்சிக் குழாய்க்கு அனுப்பும். அதோடு செம்மண்ணைச் சுட்டு எடுத்த நீரும் கலக்கும். எல்லாம் சல்லடைத்தோல் என்ற மெல்லிய சவ்வின் வழியாக வடிந்து வந்தால் குடிநீர். செவ்வாய்க் கோளில் பிறந்தவர்களுக்கு இதில் அருவருப்பு ஏதும் கிடையாது. மழை என்ற ஒன்றைப் பற்றிக் கேட்கும்போதுதான் அவர்கள் முகம் சுளித்தார்கள். வானத்திலிருந்து, மூடியில்லாமல், யார் தலையில் வேண்டுமானாலும் விழுமாம்.

ஊரில் இரண்டு குழாய்கள் இருந்தன. முதல் குழாயில் வருவது நல்ல தண்ணி. ஊர் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து மண்ணுக்கடியில் ஒரு பனிக்கட்டிக் குகை அகப்பட்டது. அந்தப் பனியை உருக்கி, குளிக்கவும் துவைக்கவும் இரண்டாவது குழாய் போட்டார்கள். அதற்கு உப்புத் தண்ணி என்று பெயர் வைத்தார்கள். அதில் உப்பு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் அவர்கள். ஒரு குழாயில் நல்ல தண்ணி வந்தால் மற்றதில் வருவது உப்புத் தண்ணியாகத்தானே இருக்க வேண்டும்.

தண்ணீரின் தரத்தை ஊருக்குச் சொல்லும் உரிமை வாய்மை என்ற இயந்திரத்துக்கு மட்டுமே இருந்தது. ஒரு காலத்தில் யாரோ, "நாளைக்குத் தண்ணி வராதாம்" என்று சொல்லிவிட, ஊரே குழாயடியில் மிதிபட்டது. அதன் பிறகு வதந்திச் சட்டம் வந்தது. வேறு யார் தண்ணீரைக் குறை சொன்னாலும் தண்டனை. முதலில் வாங்கிய இயந்திரம் எண்களாகச் சொல்லியது, ஒருவருக்கும் புரியவில்லை. அதோடு ஒரு நாள் விடியற்காலையில், "தலைவர் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிகிறது" என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டது. எனவே ஊர்மன்றம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, மக்கள் பேசும் சொற்களைக் கேட்டே கற்றுக்கொள்ளும் வாய்மையை வரவழைத்து, அதற்கு இரண்டே விதிகளைப் போட்டது. பொய் சொல்லக் கூடாது. தலைவரிடம் குறை காணும் அறிக்கை எதையும் ஏற்கக் கூடாது.

அந்த வாய்மைக்கு நாள்தோறும் அறிக்கை கொடுக்கும் நீர்ச்சோதகர் வேலைதான் பூங்கோதைக்கு. அவளுடைய வலது ஆள்காட்டி விரலின் நுனியில் உப்புகாட்டி என்ற சில்லு பதிக்கப்பட்டிருந்தது. விரலைத் தண்ணீரில் நனைத்தால், செம்மண் உப்பு இருந்தால் நகம் ஊதாவாக மாறும். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நகம் நகமாகவே இருந்தது.

அன்று காலை முதல் குழாயில் நனைத்த நகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

சல்லடைத்தோல் கிழிந்திருக்க வேண்டும். புதிய தோல் அடுத்த கப்பலில்தான் வரும். செம்மண் உப்பு உடனே யாரையும் கீழே விழவைக்காது. அதுதான் அதன் கெட்ட குணம். சத்தமில்லாமல் தொண்டைச் சுரப்பியைக் கெடுக்கும். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளையை மந்தமாக்கும். பூங்கோதையின் அண்ணன் மனைவி பேச்சியம்மாளுக்கு இது நிறைமாதம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அவளும் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

பூங்கோதை ஓட்டமும் நடையுமாக வாய்மையிடம் போனாள்.

"நல்ல தண்ணி கெட்டுப் போயிருக்கு" என்றாள்.

"ஏற்க இயலவில்லை" என்றது வாய்மை. "நல்ல தண்ணீர் என்றும் சொல்கிறீர்கள். கெட்டது என்றும் சொல்கிறீர்கள். எது சரி?"

"நல்ல தண்ணிங்கிறது பேரு. பேரு வேற, தண்ணி வேற."

"அப்படியானால் பேர் பொய்யா?"

"பொய்யில்ல. சும்மா பேரு. எங்க தெருவுல தங்கராசுன்னு ஒருத்தர் இருக்காரு. அவரு தங்கமா, ராசாவா?"

"தங்கராசு என்பவரின் தரம் பற்றி என்னிடம் தகவல் இல்லை."

பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு வேறு வழியாக வந்தாள். "சரி. நல்ல தண்ணியில உப்பு இருக்கு. இது புரியுதா?"

"புரிகிறது. உப்பு உள்ள தண்ணீர் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் உப்பு இருப்பது குறையல்ல. உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது. இந்தச் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா?"

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி வழக்கம்போல் பாடியது. "நல்ல தண்ணீர் நன்றாக இருக்கிறது. உப்புத் தண்ணீர் புழங்கத் தக்கதாக இருக்கிறது. குடங்களை வைக்கலாம்."

ஆத்திரத்தில் கை கழுவப் போனவள், இரண்டாம் குழாயில் விரலை வைத்ததும் நின்றாள். ஊதா வெளுத்து நகம் பழைய நிறத்துக்குத் திரும்பியது. திரும்பத் திரும்ப நனைத்துப் பார்த்தாள். உப்புத் தண்ணியில் ஒரு பொட்டு உப்பு இல்லை. துவைக்கிற தண்ணீர்தானே என்று அதைச் சோதிக்கும் வழக்கமே யாருக்கும் இருந்ததில்லை.

முதல் குழாயை மறுபடி சோதித்துவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தபோது, பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து செம்பைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பூவு, நகத்துல சாயமா? ஊதா உனக்கு எடுப்பாத்தான் இருக்கு."

"சாயமில்ல மைனி, உப்பு. அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

"பெறவு எதக் குடிக்க?"

"உப்புத் தண்ணியக் குடிங்க."

பேச்சியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தண்ணியில உப்பு இருக்குங்கிற. அதுக்கு உப்புத் தண்ணியக் குடிங்கிற. இத உங்க அண்ணன் கேட்டாருன்னா உனக்கு மாப்பிள்ள பாக்கதை விட்டுட்டு வைத்தியம் பாக்க ஆரம்பிச்சிருவாரு."

"மைனி, வெளையாடாதீங்க."

"நான் எங்க வெளையாடுதேன். வாய்மை இப்பத்தான் நல்லா இருக்குன்னு சொல்லிச்சு. பொய் சொல்லாத மிசினு. நீ போன வாரம், தல வலிக்குன்னு சொல்லிட்டுக் கல்யாண வீட்டுக்கு வராம இருந்தவ."

அங்கிருந்து தலைவர் சங்கரபாண்டியனிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பதுதான் அவருடைய பலம். கேட்ட பிறகு எதுவும் செய்வதில்லை.

"நல்ல தண்ணி கெட்டிருக்குங்கிற. கெட்டிருந்தா அது எப்படிம்மா நல்ல தண்ணி?" என்றார்.

வாய்மை யாரிடம் தமிழ் கற்றது என்பது பூங்கோதைக்கு அப்போது விளங்கியது.

"புதுத் தோலு கப்பல்ல வரும்லா. அது வரைக்கும் பரவாயில்ல. வெளிய எங்கயும் சொல்லி வைக்காத, வதந்திச் சட்டம் ஒண்ணு இருக்கு, பாத்துக்கோ. வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிக்கியா?"

முதல் குழாய்த் தண்ணீரை டம்ளரில் ஊற்றி நீட்டினார். அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று முழுவதும் வாய்மையிடம் பேசியதை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பெயரைச் சொல்வதால்தானே வம்பு. பெயரே சொல்லாவிட்டால்?

மறுநாள் ஒலிபெருக்கி வாய் திறப்பதற்கு முன்பே அங்கே போய் நின்றாள். "மொதக் குழாய்ல வாற தண்ணியில உப்பு இருக்கு. ரெண்டாங் குழாய்ல வாற தண்ணியில உப்பு இல்ல. ரெண்டையும் நான் சோதிச்சுட்டேன்."

"ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றது வாய்மை. அவ்வளவு எளிதாக முடிந்ததில் அவளுக்கு அழுகைகூட வந்தது.

ஒலிபெருக்கி ஊருக்கு அறிவித்தது. "முதல் குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது. இரண்டாம் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. குடங்களை வைக்கலாம்."

பூங்கோதை ஓடிப்போய்ப் பார்த்தாள். எல்லாக் குடங்களும் முதல் குழாயில் இருந்தன.

"மிசினுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்றாள் வடக்குத் தெரு சுப்புத்தாய். "குளிக்கிற தண்ணியப் போயி நல்ல தண்ணிங்குது."

"நேத்து வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சு" என்றார் தங்கராசு. "இனிம அது பேச்ச நம்ப முடியாது. வேற மிசினு கேட்டு எழுதிப் போடணும்."

வாய்மை முந்தின நாள் தவறாகச் சொன்னபோது நம்பியவர்கள், அது சரியாகச் சொன்ன முதல் நாளிலேயே அதைக் கைவிட்டார்கள். உண்மை பேசுகிறது என்பதற்காக யாரும் அதை நம்பவில்லை. குழாயடியில் ஏற்கெனவே குடம் வைத்திருந்த இடத்தையே அது நல்ல இடம் என்று சொன்னதால் நம்பினார்கள்.

பேச்சியம்மாளின் குடமும் முதல் குழாய் வரிசையில்தான் இருந்தது. பூங்கோதை அதைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு குடங்களும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்து வந்தாள். இரண்டாம் குழாயில் குடங்களை நிறைத்து, துணியால் வாயைக் கட்டி, வேண்டுமென்றே வரிசையின் ஓரமாக, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

"என்ன புள்ள, மூடிக் கொண்டு போற?" என்றாள் சுப்புத்தாய்.

"ஒண்ணுமில்ல சித்தி."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத் துணி?"

"தலைவர் வீட்டுக்கு. யார்ட்டயும் சொல்ல வேண்டாம்."

தலைவர் வீட்டுக் கொல்லையில் அவருடைய மனைவி ஆவுடையம்மாள் அவளை வியப்போடு பார்த்தாள். "துணி தொவைக்கிற தண்ணியா? இதுக்கா மூடிக் கொண்டாந்த?"

"தலைவர் வேட்டில்லா. தூசி விழுந்துறக் கூடாதுன்னுதான்."

பூங்கோதை தண்ணீரைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அந்த வகையில் அவளும் வாய்மையும் ஒன்றுதான்.

அவள் திரும்பி வருவதற்குள் முதல் குழாயடி வெறிச்சோடியிருந்தது. இரண்டாம் குழாயில் குடத்தோடு குடம் மோதியது. அத்தனை நாள் இதை நமக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தங்கராசு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் வயிற்றை முன்னால் விட்டு, "பிள்ளத்தாச்சிக்கு வழி விடுங்க" என்று எல்லாரையும் ஒதுக்கி முதல் ஆளாகப் பிடித்தாள். அங்கேயே ஒரு வாய் குடித்தாள்.

"என்ன ருசி பாத்தியா, பூவு. பெரிய மனுசங்க சும்மாவா குடிப்பாக?"

"ஆமா மைனி. நல்லாக் குடிங்க."

சங்கரபாண்டியனிடம் போய்க் கேட்டார்கள். தம் வீட்டுக்கென்று தனித் தண்ணீர் எதுவும் வரவில்லை என்று சொன்னால் தலைவருக்கு அதில் என்ன மரியாதை? அவர் சிறிது யோசித்துவிட்டு, "எனக்கு மட்டும் வந்ததை இன்று முதல் ஊருக்கே திறந்துவிட்டேன்" என்றார். மாலை போட்டார்கள்.

ஊரார் இரண்டாம் குழாய் நீரைத் தலைவர் தண்ணி என்று சொல்வதை வாய்மை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சில நாட்களில் ஒலிபெருக்கி புதுப் பாட்டுப் பாடியது. "தலைவர் தண்ணீர் நன்றாக இருக்கிறது. குடங்களை வைக்கலாம்." இயந்திரத்துக்குக் கோட்டி தெளிந்துவிட்டது என்று ஊர் மகிழ்ந்தது. வேறு இயந்திரம் கேட்டு எழுதும் பேச்சும் நின்றது.

பேச்சியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. துறுதுறுவென்ற கண்கள், ஊரைக் கூட்டும் குரல். அவள் அழுத கண்ணீரையும் சுவர்கள் உறிஞ்சிக் குழாய்க்கு அனுப்பின. கப்பலில் வந்த புதுத் தோலை முதல் குழாயில் மாட்டினார்கள். இப்போது அதில் வருவதுபோல் சுத்தமான தண்ணீர் கோளிலேயே கிடையாது. ஊரார் அதில் கால் கழுவினார்கள். அதன் பெயர் உப்புத் தண்ணி.

ஆனால் துவைப்பதற்கென்று ஒதுக்கிய பனிக்குகை, ஊரே குடம் வைத்தால் எத்தனை காலம் தாங்கும்? பனி குறையக் குறைய, உருக்கும் இயந்திரம் அடிமண்ணைச் சுரண்டத் தொடங்கியது. ஒரு நாள் காலை, இரண்டாம் குழாயில் நனைத்த நகம் மீண்டும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அண்ணன் மகள் பால்குடி மறந்து தண்ணீர் கேட்கும் பருவத்தில் இருந்தாள்.

இந்த முறை பூங்கோதை பதறவில்லை. அவளுக்குத்தான் வழி தெரியுமே. வாய்மையிடம் போய், பெயர் எதுவும் சொல்லாமல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "ரெண்டாங் குழாய்ல வாற தண்ணியில உப்பு இருக்கு."

"இரண்டாம் குழாயில் வருவது தலைவர் தண்ணீர்" என்றது வாய்மை.

"என்னவோ ஒண்ணு. அதுல உப்பு இருக்கு."

"தலைவரிடம் குறை காணும் அறிக்கையை ஏற்க எனக்கு அனுமதி இல்லை."

"தலைவர யாரு சொன்னா. கொற தண்ணியில."

"தண்ணீர் தலைவருடையது."

பூங்கோதை ஊதா நகத்தை அதன் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது. இந்தச் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா?"

வெளியே குடங்கள் உரசும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் இடுப்பில் பிள்ளையோடு வரிசையின் முன்னால் நின்று கூப்பிட்டாள். "ஏ பூவு, தலைவர் தண்ணிய எப்பத் தெறப்பாக? பிள்ள தாகத்துல அழுது."

பூங்கோதை வீட்டுக்குப் போய் அந்த இரண்டு குடங்களையும் வெள்ளைத் துணியையும் எடுத்துக்கொண்டு முதல் குழாயை நோக்கி நடந்தாள். குடங்களை நிறைத்தாள். துணியையும் கட்டினாள். யார் வீட்டுக்கென்று கேட்டால் சொல்ல, தலைவரை விடப் பெரியவர் ஊரில் யார் இருக்கிறார் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.